ஆறு நிமிஷத் தெரு

மினாசே ஊரில் பாதிப் பேர் ரிட்சுகோவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள். மீதிப் பாதி, அவளிடம் திட்டு வாங்கப் பயந்து பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு ஓடிப்போனவர்கள். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் காரில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். முப்பத்தொரு வருஷமாக, அடுத்தவர் செய்யப்போகிற தப்பை அது நடக்கும் முன்பே மிதித்து நிறுத்திப் பழகிய கால் அவளுடையது. காரை விட்டு இறங்கிய பிறகும் அந்தக் கால் சும்மா இருக்கவில்லை. அதுதான் சங்கதி.

குள்ளமான உருவம், கணீரென்ற குரல். தெருவைக் கடப்பதானால்கூட நின்று, விரலை நீட்டி, "வலப்பக்கம் சரி! இடப்பக்கம் சரி!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் காலெடுத்து வைப்பாள். கண் பார்த்ததை விரல் காட்ட வேண்டும், வாய் சொல்ல வேண்டும், அப்போதுதான் தப்பு வராது என்பது எங்கள் ஊர் ரயில்காரர்களும் பஸ்காரர்களும் பழகுகிற பழக்கம். ரிட்சுகோ மட்டும் அதைக் காய்கறிக் கடையிலும் செய்வாள். அவள் கணவர் மொரியோ பனிக்கட்டி ஆலையில் வேலை பார்த்தவர், அந்தப் பனிக்கட்டி மாதிரியே சத்தம் போடாத மனுஷர். "நான் மூச்சு விடறதையும் ஒருநாள் விரல் நீட்டிச் சரி பார்ப்பா பாருங்க" என்று எப்போதாவது சொல்லிச் சிரிப்பார்.

ஐம்பத்தாறு வயதில் அவள் எங்கள் மேட்டுத் தெருவின் குழுத்தலைவி ஆனாள். இருபத்து மூன்று வீடுகள். தலைமை வருஷத்துக்கு ஒரு வீடாகச் சுற்றி வரும். யாருக்கும் பிடிக்காத வேலை. குப்பை போடும் இடத்தில் காக்கை கிளறாமல் மூடுகிற வலை கிழிந்தாலும் கேள்வி, பனி அள்ளாமல் விட்டாலும் கேள்வி. முறை வந்த வருஷத்தை ஒப்பேற்றிவிட்டு அடுத்த வீட்டுக்காரன் தலையில் கட்டினால் போதும் என்றுதான் நாங்கள் எல்லாரும் இருப்போம். ரிட்சுகோ முடித்ததும் அடுத்த வீட்டுக்காரர் தயங்கினார். "சரி, நானே பாத்துக்கறேன்" என்றாள். மூன்று வருஷம் அவளே பார்த்துக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கும் அது வேண்டியிருந்தது என்பதை நாங்கள் எல்லாரும் அறிவோம். நாங்களும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

குழுத்தலைவியின் பெரிய வேலை செப்டம்பரில் நடக்கும் நிலநடுக்க ஒத்திகை. நகராட்சி வீட்டுக்கு ஒரு மஞ்சள் துண்டு கொடுத்திருக்கிறது. 'எல்லாரும் நலம்' என்று அதில் பெரிதாக அச்சடித்திருக்கும். பெரிய நிலநடுக்கம் வந்தால், வீட்டில் எல்லாரும் பிழைத்துக் கிடந்தால், அந்தத் துண்டை வாசல் கம்பியில் கட்டிவிட வேண்டும். தலைவி தெருவைச் சுற்றுவாள். துண்டு இருக்கிற வீட்டைக் கடந்து போகலாம். துண்டு இல்லாத வீட்டில் மட்டும் கதவைத் தட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். இருபத்து மூன்று கதவையும் தட்டி, ஒவ்வொரு வாசலிலும் நாலு தடவை குனிந்து வணங்கி, விசாரித்து முடிப்பதற்குள் இடிபாட்டில் கிடப்பவன் கதை முடிந்துவிடாதா?

முதல் வருஷ ஒத்திகையில் எங்கள் தெரு முழுக்கத் துண்டு கட்ட இருபத்தோரு நிமிஷம் ஆயிற்று. ரிட்சுகோ முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இருபத்தோரு நிமிஷமா? ஒரு வீடு எரிஞ்சு சாம்பலாகி, சாம்பலும் ஆறிப்போயிடும்!"

இரண்டாம் வருஷம் ஐந்து நிமிஷத்தில் இருபத்திரண்டு வீட்டில் துண்டு ஆடியது. இருபத்து மூன்றாவது வீட்டில் ஆடவில்லை. அது ஷியோசவாவின் வீடு. எழுபது வயது, மனைவி போன பிறகு தனியாள். ஒன்பதாவது நிமிஷத்தில் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாசலுக்கு வந்து, துண்டை நாலு மூலையும் சரியாக இருக்கும்படி மடித்துக் கட்டினார். பக்கத்துக் குழு ஏழு நிமிஷத்தில் முடித்து நகராட்சியின் பாராட்டுத் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

ஒத்திகை முடிந்து எல்லாரும் கூடிப் பார்லி டீ குடித்துக்கொண்டிருந்தோம். அத்தனை பேர் நடுவில் ரிட்சுகோ அவரைப் பிடித்தாள்.

"ஏன் ஷியோசவா அண்ணே, ரயில்ல இருந்தப்பவும் இப்படித்தான் ஆடி அசைஞ்சு வருவீங்களா?"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். ஷியோசவா சிரிக்கவில்லை. இடுப்பு வரை குனிந்து, "ரொம்பத் தப்புங்க டீச்சர். என்னால எல்லாருக்கும் தொந்தரவாப் போச்சு" என்றார். முப்பத்தெட்டு வருஷம் ரயிலில் கார்டாக இருந்தவர் அவர். வண்டி ஒரு நிமிஷம் பிந்தினாலும் ஒலிபெருக்கியில் பயணிகளிடம் மன்னிப்புக் கேட்ட மனுஷர். அவரிடம் போய் அந்த வார்த்தையைச் சொன்னால் அது எங்கே போய்க் குத்தும் என்று, சிரித்த எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ரிட்சுகோ கெட்டவளா என்றால், இல்லை. பீரோவையும் அலமாரியையும் சுவரோடு பிணைக்கிற இரும்புப் பட்டைகளை நகராட்சி இலவசமாகக் கொடுத்தபோது, அவள்தான் வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு போனாள். மொரியோ துளைபோடும் கருவியோடு பின்னால் நடந்தார். ஷியோசவா மட்டும் தலையைச் சொறிந்தார். அவர் வீட்டில் ஆளுயரத்துக்கும் மேலே ஒரு மர பீரோ. மனைவி கல்யாணச் சீராகக் கொண்டுவந்தது.

"அவ தினமும் துடைச்சு வெச்சிருந்ததுங்க. அதுல ஆணி இறக்க எனக்கு மனசு வரல."

"அப்ப அந்தப் பக்கம் படுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ரிட்சுகோ அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது.

மூன்றாம் வருஷம். ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. ஏழு நாற்பதுக்கு ரிட்சுகோ மிசோ சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்த இரண்டு கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் நிலநடுக்க எச்சரிக்கை கொடுத்து அலறின. அந்த அலறலுக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் நாலு விநாடி இருந்தது. "மேஜைக்கு அடியில!" என்று கத்திக்கொண்டே அடுப்பை அணைத்து, மொரியோவின் கழுத்தைப் பிடித்து மேஜைக்கு அடியில் அமுக்கினாள். பிறகு ஆடியது. அதைப் பற்றி என்ன சொல்ல? தரை நம்முடையது இல்லை என்று ஆகிவிடும், அவ்வளவுதான். நாற்பது விநாடி என்று பிறகு சொன்னார்கள். மேஜைக்கு அடியில் அவள் அறுபதுக்கு மேல் எண்ணியிருந்தாள்.

எங்கள் தெருவில் ஒரு வீடுகூட விழவில்லை. சட்டம் போட்டு, சோதனை போட்டுக் கட்டிய வீடுகள். எரிவாயு தானாக நின்றது, மலைக்கு அந்தப் பக்கம் விரைவு ரயிலும் தானாக நின்றது. சுவரும் கூரையும் நின்றன. சுவருக்குள்ளே இருந்ததெல்லாம் விழுந்தது. பணம் படைத்த நாட்டில் வீடு மனுஷனைக் கொல்வது குறைந்துவிட்டது. வீட்டுக்குள் ஆசை ஆசையாய் வாங்கி வைத்தவைதான் மேலே விழுகின்றன. வெளியே நின்று பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, வாசலில் இருக்கிற செடித்தொட்டிகூட அப்படியே இருக்கும்.

ரிட்சுகோ தன் வீட்டுத் துண்டைக் கட்டினாள். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, கையில் பட்டியலும் நிறுத்துக் கடிகாரமுமாகத் தெருவில் இறங்கினாள். தலை நிமிர்ந்து பார்த்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தெரு நெடுகிலும் மஞ்சள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஏற்கெனவே மஞ்சள். நம்ம ஜனங்கள், எத்தனை சொன்னோம், எப்படிக் கேட்டிருக்கிறார்கள்!

விரலை நீட்டிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"நிவா வீடு, நலம்! இசுமிதானி வீடு, நலம்! ஷியோசவா வீடு, நலம்!"

ஆறு நிமிஷத்தில் இருபது வீடு. துண்டு இல்லாத மூன்றில் ஒன்று, ஊருக்குப் போனவர்களின் பூட்டிய வீடு. இன்னொன்றில் கணவனும் மனைவியும் பதற்றத்தில் முடிச்சுப் போட வராமல் வாசலிலேயே நின்றார்கள். மூன்றாவதில் குளியலறைக் கதவு சிக்கி உள்ளே ஒரு பெண். மொரியோ கடப்பாரையால் நெம்பி அவளை வெளியே கொண்டுவந்தார். அவ்வளவுதான், தெரு முடிந்தது.

தண்ணீர்க் குழாய் உடைந்து தெருவெல்லாம் ஓடியது. பின்னதிர்வு வந்துகொண்டே இருந்தது. எல்லாரும் இறங்கிப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனோம். அங்கே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவன் நகராட்சி இளைஞன் தொகாஷி. அவனும் ரிட்சுகோவிடம் ஓட்டக் கற்றவன்தான், இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறியவன்.

"மேட்டுத் தெரு. வீடு இருபத்து மூணு. ஊர்ல இருக்கறவங்க அம்பத்தாறு பேர், எல்லாரும் நலம். ஆறு நிமிஷத்துல சுத்தி முடிச்சாச்சு" என்று ரிட்சுகோ கணக்கு ஒப்பித்தாள்.

"ஆறு நிமிஷமா! டீச்சர், துறைமுகத்துப் பக்கம் எந்த வீட்ல யார் இருக்காங்கன்னே இன்னும் தெரியல."

பக்கத்தில் நின்ற தீயணைப்புப் படை அதிகாரி திரும்பினார். "அப்ப மேட்டுத் தெருவுக்கு எங்க ஆளுங்க வேணாமா?"

"வேணாங்க. எங்க தெரு முடிஞ்சுது. நீங்க துறைமுகத்துக்குப் போங்க" என்றாள் ரிட்சுகோ.

வண்டி துறைமுகத்துக்குப் போயிற்று. அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் சொல்வார்கள், முப்பது வயது குறைந்த மாதிரி இருந்தது என்று.

பதினொன்றரைக்குச் சோற்று உருண்டையும் தண்ணீர் பாட்டிலும் வந்தன. தெருவுக்குச் சொன்ன கணக்குப்படி ஐம்பத்தாறு பாட்டில். கொடுத்து முடித்தபோது ஒரு பாட்டில் மிச்சம். ரிட்சுகோ பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ஷியோசவா.

"அவரு வீட்லயே இருந்திருப்பாருங்க" என்றார் மொரியோ. "இந்தக் கூட்டத்துல வந்து படுக்கற ஆளா அவரு?"

"ஆமா, துண்டு கட்டியிருந்துச்சே. நான் பாத்தேன்" என்றாள் ரிட்சுகோ.

அப்போது எதிரே உட்கார்ந்திருந்த இசுமிதானி வீட்டுக் கயோ, மடியில் தூங்குகிற குழந்தையைத் தட்டிக்கொண்டே, வெட்கமும் சிரிப்புமாக வாயைத் திறந்தாள். முப்பது வயதுப் பெண், வாய் கொஞ்சம் நீளம், மனசில் ஒன்றும் தங்காது.

"டீச்சர், திட்டாதீங்க. துண்டுன்னதும் ஞாபகம் வருது. எங்க வீட்டுத் துண்டு காலைல ஆறு மணிக்கே கட்டியாச்சு."

"என்னது?"

"ஒன்பது மணிக்கு ஒத்திகைல்ல. குழந்தையை வெச்சுக்கிட்டு நேரத்துக்குக் கட்ட முடியாம போயி, எங்களால தெரு தோத்துடக் கூடாதுன்னு... முன்னாடியே கட்டிட்டு உள்ள போயிட்டோம்."

"அடடே, நீங்களுமா?" என்று பின்னாலிருந்து நிவா சிரித்தார். "நாங்க நேத்து சாயங்காலமே கட்டிட்டோம்!"

"நாங்களும் காலைலயே..." என்றது இன்னொரு குரல். தெருவில் இத்தனை பேர் ஒரே திருட்டைச் செய்திருக்கிறோம் என்று தெரிந்ததும் எங்களுக்கு ஒரு நிமிஷம் சிரிப்புத்தான் வந்தது. உயிர் பிழைத்த சந்தோஷம் வேறு. கையைத் தூக்கச் சொன்னால் ஒன்பது வீடு தேறும் போலிருந்தது.

ரிட்சுகோ முகத்தில் ஈயாடவில்லை. அவள் நடந்து வந்த தெரு அவள் கண்முன்னால் நின்றது. அந்த மஞ்சளில் பாதி, தரை ஆடுவதற்கு முன்பே கட்டியது. நலம் என்று அவள் விரல் நீட்டிச் சொன்னது மனுஷர்களைப் பார்த்து இல்லை, துணியைப் பார்த்து.

மிச்சமிருந்த அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே எழுந்து ஓடினாள். ஐம்பத்தொன்பது வயது, மேட்டு ஏற்றம், வெயில். மொரியோவும் கயோவின் கணவனும் பின்னால் ஓடினார்கள். ஷியோசவா வீட்டு வாசலில் துண்டு நாலு மூலையும் சரியாக மடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டினாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கதவு அசையவில்லை. பின்பக்கம் சமையலறை ஜன்னலை உடைத்து உள்ளே விழுந்தாள். கை கிழிந்தது அவளுக்குத் தெரியாது.

மர பீரோ குப்புறக் கிடந்தது. அதற்கு அடியில் இடுப்புக்குக் கீழே ஷியோசவா. வெள்ளைச் சட்டை ஒன்று கையில் இருந்தது. ஒத்திகைக்குப் போட்டுக்கொள்ள எடுத்திருக்கிறார். கண் திறந்திருந்தது.

"டீச்சர்" என்றார். உதடு வெடித்திருந்தது. "மன்னிச்சுக்கங்க. துண்டை நான் முன்னாடியே கட்டிட்டேன். முட்டி வலி... இந்த வருஷமும் பிந்திடக் கூடாதுன்னு. தப்புத்தாங்க."

நாலரை மணி நேரம் பீரோவுக்கு அடியில் கிடந்தவர் மன்னிப்புக் கேட்கிறார். ரிட்சுகோ பாட்டிலைத் திறந்து அவர் வாயில் துளித் துளியாக விட்டாள். பீரோவைத் தூக்கப் போன மொரியோவைக் கையைப் பிடித்துத் தடுத்தாள். ரொம்ப நேரம் நசுங்கிய காலைச் சட்டென்று விடுவித்தால் உயிருக்கே ஆபத்து என்று ஒத்திகை வகுப்பில் படித்தது, மருத்துவர் வர வேண்டும். மருத்துவரும் தீயணைப்புப் படையும் துறைமுகத்தில் இருந்தார்கள், அவள் அனுப்பிய இடத்தில். கயோவின் கணவன் ஓடிப்போய்ச் சொல்லி, அவர்கள் வந்து சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷமும் அவள் அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நிறுத்துக் கடிகாரம் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்த மறந்திருந்தாள்.

உயிர் தப்பியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

பிறகு நடந்ததெல்லாம் ஒழுங்காக நடந்தது. எங்களிடம் ஒழுங்குக்குக் குறைவில்லை. மூன்றாம் நாள் பொறியாளர்கள் வந்து வீட்டுக்கு வீடு பச்சை, மஞ்சள், சிவப்புத் தாள் ஒட்டினார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் தங்கள் சோற்றைத் தாங்களே கட்டிக்கொண்டு வந்து எங்கள் குப்பையை அள்ளினார்கள். வீடு நின்றாலும் உள்ளே குடியிருக்கக் கூடாது என்று சிவப்புத் தாள் ஒட்டிய ஏழு வீட்டுக்காரர்களுக்கு விளையாட்டு மைதானத்தில் தற்காலிக வீடுகள் எழும்பின, பாயும் விசிறியும் அரிசிக் குக்கரும் உள்பட. ரிட்சுகோ எல்லாவற்றிலும் முன்னால் நின்றாள். ஒன்றில் மட்டும் இல்லை. ஷியோசவா படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு அவள் போகவில்லை. பேரிக்காய்க் கூடையை மொரியோ கையில் கொடுத்தனுப்பினாள். மறுவாரம் இன்னொரு கூடை.

"நீயே வாயேன். ஆள் தேறிட்டாரு. உன்னைத்தான் விசாரிக்கறாரு."

"எனக்கு வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"உங்களுக்கு எதுக்கு அது? கூடையைப் பிடிங்க."

வேலை ஒன்றும் இல்லை. அவளுக்குள் ஒரு கேள்வி கிடந்து அரித்தது. ஷியோசவாவின் படுக்கையறை தெருவை ஒட்டியது. இடையில் ஒரு பலகைச் சுவர்தான். அந்தச் சுவருக்கு ஐந்தடி தூரத்தில் நின்றுதான், ஊரே கேட்கிற குரலில், 'ஷியோசவா வீடு, நலம்' என்று அவள் சொன்னாள். அது அவருக்குக் கேட்காமல் இருக்குமா? கேட்டிருந்தால் அவர் ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை? மயக்கமாகக் கிடந்திருப்பார் என்று பகலெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பொழுது சாய்ந்தால் அந்தச் சமாதானம் நிற்காது.

நவம்பரில் நகராட்சிக் கூட்டம். பக்கத்து ஊர்க்காரர்களும் வந்திருந்தார்கள். தொகாஷி பெரிய திரையில் எங்கள் தெருவின் படத்தைப் போட்டான். 'ஆறு நிமிஷத் தெரு' என்று தலைப்பு.

"ஒருத்தர் விஷயத்துல வருத்தம்தான்" என்று மென்று விழுங்கினான். "ஆனா மத்தபடி, மாவட்டத்துலயே இவ்வளவு சீக்கிரம் தகவல் கொடுத்த தெரு இதுதான். இதையே மத்த ஊருக்கெல்லாம் முன்மாதிரியா... டீச்சர், ரெண்டு வார்த்தை பேசுங்க."

ரிட்சுகோ எழுந்தாள். ஒலிபெருக்கியை வாங்கிக்கொள்ளவில்லை, அவளுக்கு அது எப்போதும் தேவைப்பட்டதில்லை.

"அந்த ஆறு நிமிஷம் பொய்" என்றாள். "துண்டுல பாதி முன்னாடியே கட்டினது. கட்டினவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. மூணு வருஷமா நேரம், நேரம்னு அவங்க கழுத்துல கத்தியை வெச்சவ நான். பிந்தினவரை நாலு பேர் முன்னால கேலி பண்ணினவளும் நான். மனுஷன் உள்ள கிடக்கறப்ப, வாசல்ல நின்னு நலம்னு கூவிட்டுப் போனேன். தீயணைப்பு வண்டியையும் திருப்பி அனுப்பினேன். அவர் கால் போனதுக்கு நிலநடுக்கம் பாதிக் காரணம். மீதிப் பாதி நான். தொகாஷி, அந்தப் படத்தை எடு."

தொகாஷி படத்தை எடுத்தான். வெளியே வந்ததும் எங்கள் தெருக்காரர்களே அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! யாரு உங்களைக் கேட்டாங்க?" என்றார் நிவா. "தெரு மானமே கப்பலேறிப் போச்சு. இனி எல்லாரும் நம்மளைப் பொய்த் துண்டுத் தெருன்னுதான் சொல்லுவாங்க."

"சொல்லட்டுமே" என்றாள் கயோ. "பொய்தானே கட்டினோம்?"

ரிட்சுகோ வீட்டுக்கு வந்து குளியல் தொட்டியில் ரொம்ப நேரம் கிடந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மொரியோவிடம், "நாளைக்கு நான் போறேன்" என்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் முதல் பனி. ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், ஜன்னலோரக் கட்டிலில் ஷியோசவா உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அவளைக் கண்டதும் இருக்கிற இடத்திலேயே குனிந்தார்.

"இந்தப் பனில எதுக்குங்க டீச்சர் சிரமம்? பேரிக்காய் ரொம்ப இனிப்பு. நர்ஸுங்களுக்கெல்லாம் கொடுத்தேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள், வழியெல்லாம் வார்த்தை அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"அண்ணே, அன்னிக்கு நான் உங்க வீட்டைத் தாண்டிப் போனேனே. கேட்டுச்சா?"

ஷியோசவா ஜன்னலைப் பார்த்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்தார் போல.

"கேட்டுதுங்க."

"முழிப்புலதான் இருந்தீங்களா?"

"இருந்தேங்க. கால்தான் அமுங்கிப்போச்சு. வாய் நல்லாத்தான் இருந்துது."

"அப்ப ஏன் கூப்பிடல? ஒரு சத்தம் போட்டிருந்தா... ஒரே ஒரு சத்தம்! ஆறாவது நிமிஷத்துல வெளிய எடுத்திருப்பமே! கால் இருந்திருக்குமே!"

அவள் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. அடுத்த கட்டில்காரர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஷியோசவா தன் போர்வையின் விளிம்பை நேராக இழுத்து விட்டுக்கொண்டார்.

"கூப்பிடத்தான் வாயெடுத்தேங்க. அதுக்குள்ள, நலம்னு நீங்க சொல்லிட்டீங்க. உங்க குரல்ல அவ்வளவு சந்தோஷம். போன வருஷம் என்னாலதான் தெரு தோத்துது. இந்த வருஷமும் நானே கெடுக்கணுமான்னு இருந்துது. மத்த வீட்ல யாருக்கு என்ன ஆச்சோ, அதை முதல்ல பாக்கட்டும், எப்படியும் திரும்பி வருவாங்கன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "கதவைத் தட்டி, எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேங்க. கேக்காம எப்படிங்க சொல்றது?"

குறை சொல்கிற தொனியே அதில் இல்லை. உள்ளதைச் சொன்னார். அதுதான் ரிட்சுகோவுக்குத் தாங்கவில்லை. எழுந்தாள். விறுவிறு என்று அறைக்கு வெளியே போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாளோ என்று அவர் பதறி எட்டிப் பார்ப்பதற்குள், அறையின் இழுப்புக் கதவு மூடிக்கொண்டது.

பிறகு அந்தக் கதவை யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு.

அடுத்த கட்டில்காரர் செய்தித்தாளை இறக்கினார். ஷியோசவா தயக்கமாக, "யாருங்க?" என்றார்.

"மேட்டுத் தெரு ரிட்சுகோ" என்றது வெளியிலிருந்து குரல். கணீரென்றுதான் வந்தது. "ஷியோசவா அண்ணே, எப்படி இருக்கீங்க?"

'நல்லாத்தான் இருக்கேங்க, உங்க புண்ணியத்துல' என்றுதான் எங்கள் ஊரில் எவனும் சொல்வான். சாகக் கிடக்கிறவனும் அதைத்தான் சொல்வான். ஷியோசவாவின் நாக்கிலும் அதுதான் முதலில் வந்திருக்க வேண்டும், வாய் திறந்து மூடியது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். போகிற மாதிரி காலடிச் சத்தம் கேட்கவில்லை.

"நல்லா இல்லீங்க டீச்சர்" என்றார். சொன்னதும் அவர் முகம் குழந்தை மாதிரி கோணியது. "ரொம்ப வலிக்குது. போன கால்தான் வலிக்குது. யார்கிட்டயும் சொல்லல."

கதவைத் திறந்துகொண்டு அவள் உள்ளே வந்தாள்.